கல்வி உதவியும் வேலைக் கணிப்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தேவகோட்டைக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் நகரத்தார் பொதுவில் ஒரு கல்வி அறக்கட்டளை நடத்துகிறோம். திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக வைத்து வசூலிக்கும் புள்ளி வரியில் ஒரு பங்கும், வெளியூரில் இருப்பவர்கள் அனுப்பும் தொகையும்தான் நிதி. சாதி பார்க்காமல், சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் தருகிறோம். இனிமேல் கம்ப்யூட்டர், நர்சிங், பாலிடெக்னிக் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும், பி.ஏ. தமிழ், வரலாறு, பி.எஸ்சி. வேதியியல் போன்றவற்றை நிறுத்திவிடலாம் என்று இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெரும்பாலோர் சொன்னார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் எந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் என்று ஒரு நிறுவனத்திடம் ஆய்வறிக்கை வாங்கவும் பேச்சு இருக்கிறது. இதைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நாங்கள் என்ன செய்வது நல்லது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஆய்வறிக்கைக்கு ஒதுக்க நினைக்கும் பணத்தையும் பிள்ளைகளுக்கே கொடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். உங்கள் ஊர்ப் பெரியவர்களின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பட்டம் வாங்கிய பிள்ளை மூன்று ஆண்டுகள் வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கவலைக்கு அவர்கள் கண்டிருக்கும் மருந்து ஏற்கெனவே பெரிய அளவில் கொடுத்துப் பார்க்கப்பட்டு, பலன் தராமல் போன ஒன்று.

எதிர்காலத்தில் எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் கல்லூரி இடங்களை ஒதுக்கும் முறை 1960களில் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், யூகோஸ்லாவியா, துருக்கி ஆகிய நாடுகளுக்கு இத்தகைய கணிப்புகளைச் செய்தது. இதற்கென்றே 1962இல் டெல்லியில் ஒரு மனிதவள ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் இத்தகைய மதிப்பீடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. தொழில் இவ்வளவு வளரும், அதற்கு இத்தனை பொறியாளர்கள் வேண்டும், ஆகவே இத்தனை இடங்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் அமைப்பு. 1965இல் போரும், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் வறட்சியும் வந்து, 1966 முதல் 1969 வரை ஐந்தாண்டுத் திட்டமே நின்றுபோனபோது, கணக்கின் முதல் வரி பொய்த்தது. நாட்டுக்குப் போதாது என்று சொல்லப்பட்ட பொறியாளர்கள் அறுபதுகளின் இறுதியில் வேலை தேடி அலைந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃபிரீமன் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை விளக்கினார். பொறியாளர் சம்பளம் உயர்ந்திருக்கும் ஆண்டில் எல்லோரும் பொறியியலில் சேர்கிறார்கள்; நான்கு ஆண்டுகள் கழித்து அத்தனை பேரும் ஒன்றாக வெளியே வரும்போது சம்பளம் இறங்குகிறது; அதைப் பார்த்து அடுத்த அணியினர் ஒதுங்க, மீண்டும் நான்கு ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறை வருகிறது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வை இருபது ஆண்டுகளாகக் கவனித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கம்ப்யூட்டர் இறங்கி மெக்கானிக்கல் ஏறியதையும், பிறகு மெக்கானிக்கல் இடங்கள் காலியாகக் கிடந்து கம்ப்யூட்டர் நிரம்பியதையும் நாம் பார்த்திருக்கிறோம். இப்போது, நன்றாகச் செயல்படும் கல்லூரிகள் ஒரு பிரிவில் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பையும் 2024–25 முதல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியிருக்கிறது. இந்த நேரத்தில் உங்கள் அறக்கட்டளையும் சேர்ந்து பிள்ளைகளை ஒரே வாசலுக்குத் தள்ள வேண்டுமா என்று பொதுக்கூட்டத்தில் கேளுங்கள்.

வேதியியலை நிறுத்துவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரின் வேண்டுகோளை ஏற்று அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் முதலில் தொடங்கியது ஒரு கலைக்கல்லூரி. காந்தி மாளிகையில்தான் அது நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், அதே ஊரில், சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். மின்வேதியியல் படித்தவருக்கு அன்றைக்குச் செட்டிநாட்டில் என்ன வேலை இருந்தது? மின்கலத்தில் ஓடும் ஸ்கூட்டர் காரைக்குடித் தெருவில் போகும் என்று எந்த அறிக்கையும் 1948இல் சொல்லியிருக்க முடியாது. அந்த நிறுவனம் நிற்கும் ஊருக்குப் பக்கத்தில், வேதியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஊர்ப்பொதுவே இல்லை என்று சொல்லக் கூடாது.

கல்லூரிகள் விளம்பரம் செய்யும் வேலைவாய்ப்பு விழுக்காட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு வகுப்பில் 60 பேர் என்று வையுங்கள். அரியர் இல்லாத, வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்த 30 பேரில் 27 பேருக்கு வேலைக் கடிதம் கிடைத்தால், பேனரில் 90 விழுக்காடு என்று வரும். வகுப்பின் கணக்கில் அது 45தான். கடிதம் வந்தவர்களில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அதிலும் தெரியாது. நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் ஒரு படிப்பை நோக்கிப் போகும்போது, அவர்களுக்கு வேலை கிடைத்தது படிப்பினாலா, ஏற்கெனவே இருந்த திறமையினாலா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உறுதியான சான்று வேறொரு இடத்தில் இருக்கிறது: சேர்ந்த பிள்ளை படிப்பை முடிக்க எது உதவுகிறது என்பதில். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. உதவித்தொகை போக மீதமிருந்த கட்டணம், பாடநூல்கள், பேருந்துக்கும் ரயிலுக்குமான இலவச அட்டை, அடிக்கடி சந்தித்துப் பேசும் ஓர் ஆலோசகர் ஆகிய எல்லாவற்றையும் அது சேர்த்துத் தந்தது. குலுக்கல் முறையில் மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு, இல்லாதவர்களில் 22 விழுக்காடு. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது என்றும், பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம் என்றும் பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

நம் பகுதியில் இதன் பொருள் என்ன? அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அரசுக் கல்லூரியில் கட்டணமும் குறைவு. பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடங்களில்: சுயநிதிப் பிரிவில் இடம் கிடைத்தவருக்கு முதல் தவணை, விடுதி முன்பணம், கல்வி உதவித்தொகை வங்கியில் ஏறுவதற்கு முன்பே கட்டியாக வேண்டிய தேர்வுக் கட்டணம், செய்முறைக் குறிப்பேடு, வெள்ளைக் கோட்டு. உங்கள் அறக்கட்டளை பொங்கலுக்கு மேடை போட்டுக் காசோலை கொடுக்கும் வழக்கம் உள்ளதானால், அதை ஜூனுக்கு மாற்றுங்கள். சிறு தொகையை ஆண்டு முழுவதும் கையில் வைத்திருந்து, கேட்ட இரண்டு நாளில் கொடுக்க ஒருவருக்கு அதிகாரம் தாருங்கள். நான் நேரில் கண்டவரை, படிப்பை விட்ட பிள்ளைகள் பலரும் விட்டது ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவான ஒரு தேவையில்தான்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் சட்டம் வைத்து வண்ணம் ஊற்றித் தரைக்கல் அடிக்கப் பழகும் பையனுக்கும், பழகும் காலத்துக்கு ஒரு தொகை கொடுக்கலாம். எதையும் வெட்டித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை.

திட்டமிடலே கூடாது என்று நான் சொல்லவில்லை. குன்றக்குடி அடிகளார் 1970களில் சிக்ரி அறிவியலாளர்களைத் துணைக்கு அழைத்து, தம் ஊரின் வளத்தையும் தேவையையும் வைத்துக் கிராமத் திட்டம் வகுத்தார். தெரிந்த மனிதர்களை வைத்துச் செய்த திட்டமிடல் அது. உங்களிடமும் அத்தகைய செல்வம் ஒன்று இருக்கிறது: இதுவரை பணம் பெற்றவர்களின் பட்டியல். கடந்த பத்து ஆண்டுப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஆச்சிமார் அழைத்தால் பிள்ளைகள் மனம் விட்டுப் பேசுவார்கள். படிப்பை முடித்தாரா, முடிக்கவில்லையென்றால் எந்தப் பருவத்தில் எதனால் நின்றார், முடித்த ஆறாம் மாதத்தில் என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார், எந்த நேரத்தில் எவ்வளவு பணம் கிடைத்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்று கேட்டால் போதும். பாதியில் நின்றவர்களை முதலில் தேடுங்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், அவர்கள் சொல்வதுதான் அதிகம் பயன்படும். திருமணமாகி வெளியூர் போன பெண்களைத் தோல்விக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இதை முடிக்கும்வரை எந்தப் பாடத்தையும் நிறுத்தும் தீர்மானத்தைத் தள்ளிவைக்கும்படி பெரியவர்களிடம் கேளுங்கள். கேள்விகளை எழுதி எனக்கு அனுப்பினால், அழைப்புகளைத் தொடங்கும் முன் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்