கூச்ச சுபாவக்காரருக்குக் கரிஸ்மா 18: பேச்சைப் பார்ப்பதா, டைஸைப் பார்ப்பதா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டராகிக் கதையை ஆடி, முடிவு தெரியாத இடத்தில் டைஸ் உருட்டும் மேசை ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பைக் கதை சொல்லி நடத்தும் கேம் மாஸ்டர் நான். குழுவில் ஒருவருக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனால் அவர் ஆடுவது கரிஸ்மா (பிறரைக் கவரும் திறனுக்கான எண்) 18 உள்ள ஒரு பார்ட், அதாவது பாட்டுக்காரன். "காவலாளியிடம் பேசி உள்ளே போகிறேன்" என்பதோடு நிறுத்திவிடுவார். இன்னொருவர் பேச்சில் புலி. அவருடைய பார்பேரியனுக்கு, அதாவது முரட்டு வீரனுக்கு, கரிஸ்மா வெறும் 8. இருந்தும் பேரம், சமாதானம், பொய் எல்லாவற்றையும் அவரே பேசி முடித்துவிடுகிறார். பேச்சு நன்றாக இருந்தால் டைஸ் உருட்டச் சொல்லாமலே விட்டுவிடுகிறேன். இது சரியா? கூச்சப்படுபவரைப் பேசும்படி வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்தாதீர்கள். டைஸ் இல்லாமல் விடுவதையும் நிறுத்துங்கள். ஏன் என்பதற்கு முதலில் கணக்கைப் பாருங்கள்.

இருவரும் நான்காம் நிலை என்று வைத்துக்கொள்வோம். டைஸில் விழுவதோடு பார்டுக்குக் கரிஸ்மாவிலிருந்து +4, பெர்சுவேஷனில் (பேசி இணங்கவைக்கும் திறன்) பயிற்சி இருந்தால் இன்னொரு +2, ஆக +6 கூடும். டிசி, அதாவது எட்டவேண்டிய எண், 15 என்றால் இருபது பக்க டைஸில் 9 விழுந்தாலே போதும். வாய்ப்பு 60 சதவீதம். பார்பேரியனுக்கு −1. அவருக்கு 16 விழவேண்டும். வாய்ப்பு 25 சதவீதம். நல்ல பேச்சு என்று உருட்டாமல் விட்டால் அந்த 25 நேராக 100 ஆகிவிடுகிறது. பார்ட் மட்டும் 60க்கு உருட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் வலிமையையும் உடல்திறனையும் குறைத்துக்கொண்டு கரிஸ்மாவை வாங்கியவர் அவர். பார்பேரியனோ புள்ளிகளை வலிமையில் கொட்டிவிட்டு, கரிஸ்மாவை உங்கள் கையால் இலவசமாகப் பெறுகிறார். கூச்சப்படுபவர் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"வாள் சுழற்றத் தெரிந்தவர்தான் வீரனை ஆடவேண்டுமா?" என்று இந்த விவாதத்தில் எப்போதும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் பாதியில் நிற்கிறது. வாளை யாரும் சுழற்றிக் காட்டவேண்டாம். ஆனால் எங்கே நிற்பது, யாரை அடிப்பது, எப்போது பின்வாங்குவது என்பதை ஆட்டக்காரர்தான் சொல்கிறார். பேச்சையும் அப்படியே பிரியுங்கள். எதைக் கேட்பது, எதைக் கொடுப்பது, எந்த உண்மையை மறைப்பது என்பதெல்லாம் ஆட்டக்காரரின் முடிவு. அது எந்தக் குரலில், எந்த நயத்தோடு வெளியே வருகிறது என்பது கேரக்டரின் திறமை. சொல்லும் விஷயத்தை வைத்து டிசியை ஏற்றுங்கள், இறக்குங்கள். சொல்லும் விதத்தை டைஸிடம் விட்டுவிடுங்கள்.

மேசையில் இது எப்படி நடக்கும்? உங்கள் பார்ட் "காவலாளியிடம் பேசி உள்ளே போகிறேன்" என்கிறார். "என்ன வசனம் பேசுகிறீர்கள்?" என்று கேட்டால் அவர் உறைந்துபோவார். "அவன் ஏன் ஒத்துக்கொள்ளவேண்டும்? என்ன காரணம் காட்டுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரவெல்லாம் நின்றிருக்கிறான், மாற்று ஆள் இன்னும் வரவில்லை. எங்களை உள்ளே விட்டால் அந்த ஆளை எழுப்பி அனுப்புகிறேன் என்கிறேன்" என்பார். இவ்வளவு போதும். நடிப்பு வேண்டாம், குரல் மாற்றவேண்டாம். காவலாளிக்கு உண்மையிலேயே வேண்டியதைக் கொடுக்கிறார் என்பதால் டிசியை 10க்கு இறக்குங்கள். வாய்ப்பு 85 சதவீதம் ஆகிவிடும். ஆட்டத்தின் விதிநூலான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கே கேரக்டர் செய்வதை விவரித்துச் சொல்வது, கேரக்டராகவே பேசுவது என்று இரண்டு வழிகளையும் ரோல்பிளே என்றுதான் சொல்கிறது. விவரிப்பவர் குறைவாக ஆடுகிறார் என்று யாரும் நினைக்க இடம் தராதீர்கள்.

காரணமே தோன்றவில்லை என்றால்? இன்சைட் (எதிராளியின் மனதைப் படிக்கும் திறன்) உருட்டச் சொல்லுங்கள். எதிரே இருப்பவரின் கொள்கை, பிணைப்பு, பலவீனம் ஆகியவற்றை அப்படிக் கண்டுபிடிக்கும் வழி அதே ஆண்டின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கிறது. உருட்டியது தேறினால், "அவன் நிமிடத்துக்கு ஒருமுறை படைவீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்" என்று ஒரு துப்பு கொடுங்கள். மக்களோடு பழகிப் பழகித் தேறிய ஒரு கேரக்டருக்கு இது கண்ணில் படும். ஆட்டக்காரருக்குத் தானாகப் படவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி உங்கள் பேச்சுப் புலி. அவருக்கும் இதே விதிதான்: வாதம் வலுவாக இருந்தால் டிசி குறையும், சொல்லழகுக்குத் தனி மதிப்பெண் கிடையாது, −1 வைத்து உருட்டியே ஆகவேண்டும். அவர் முகம் வாடும். அதற்கு நான் பரிந்துரைப்பது, முதலில் உருட்டல், பிறகு வசனம். ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசியபின் 4 விழுந்தால் யாருக்கும் கசக்கும். 4 விழுந்ததைத் தெரிந்துகொண்டு பேசினால் அதுவே விருந்து. அதே மாற்று ஆள் யோசனையைப் பார்பேரியன் சொல்வான். ஆனால், "பாவம், உன்னை இங்கே நிறுத்திவிட்டு எல்லோரும் மறந்தேபோய்விட்டார்கள் போல" என்று ஆரம்பிப்பான். காவலாளியின் முகம் சிவக்கும். பேசத் தெரிந்த ஒருவர்தான் இப்படிப் பேச்சு கெடுவதை ரசிக்கும்படி ஆடமுடியும். அவருடைய திறமை வீணாகவில்லை.

இதில் ஒரு குறுக்குவழி முளைக்கும்: புலி பேசுவார், டைஸை மட்டும் பார்ட் உருட்டுவார். அனுமதிக்காதீர்கள். கதைக்குள் யார் வாய் திறந்தாரோ அவரே உருட்டவேண்டும். கதைக்கு வெளியே மேசையில் யார் வேண்டுமானாலும் பார்டுக்கு யோசனை சொல்லலாம், தாராளமாகச் சொல்லட்டும். கதைக்குள்ளேயே பார்பேரியன் பக்கத்தில் நின்று ஒத்துப் பேசினால், உதவி செய்ததாகக் கணக்கில் எடுத்துப் பார்டுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கொடுக்கலாம். அதே சமயம் எல்லாப் பேச்சும் பார்டின் தலையில் விழுந்துவிடாமல் பாருங்கள். சில என்பிசிக்கள் (கேம் மாஸ்டர் ஆடும் பாத்திரங்கள்) பாட்டுக்காரனை மதிக்கமாட்டார்கள், கோடரி பிடித்தவனைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

எல்லாவற்றையும் எண்ணிடம் ஒப்படைத்துவிட்டாலும் ஆட்டம் கெடும். இதே ஆட்டத்தின் 2003இல் வந்த 3.5 விதிகளில் டிப்ளமசி (பேசி மனம் மாற்றும் திறன்) உருட்டி 50ஐத் தொட்டால், பகைமையோடு நிற்பவரே உதவ ஓடிவரும் அளவுக்கு மாறிவிடுவார். காரணம் என்ன, என்ன கொடுத்தார்கள் என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற வேறொரு ஆட்டம் இதைத் திருப்பிப்போட்டது: எதிராளியை வளைக்க உங்கள் கையில் ஒரு பிடி இருந்தால்தான் டைஸையே தொடமுடியும். ஐந்தாம் பதிப்பிலும் இதைக் கடன் வாங்குங்கள். பிடி இல்லையா, உருட்டல் இல்லை. கேட்பது என்பிசிக்கே லாபம் என்றாலும் உருட்டவேண்டாம், அவர் சரி என்றுவிடுவார். அரசனிடம் கிரீடத்தைக் கேட்டால் 20 விழுந்தாலும் கிடைக்காது. அவன் சிரித்துவிட்டு மன்னிப்பான், அதுதான் அங்கே அதிகபட்ச வெற்றி.

டைஸே வேண்டாம், நேரடிப் பேச்சுதான் எங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லும் குழுக்களும் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974ஆம் ஆண்டு முதல் விதிகளில் கரிஸ்மாவின் முக்கிய வேலை எத்தனை கூலி வீரர்களை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதுதான். பெர்சுவேஷன் என்றொரு திறன் அப்போது கிடையாது. அப்படி ஆடுவதிலும் தவறில்லை. ஆனால் கேரக்டர் உருவாக்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். கரிஸ்மாவுக்குப் புள்ளிகளைக் கொட்டவிட்டு, பிறகு அது எடுபடாது என்பது அநியாயம்.

ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு முன் புதிய விதியை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். பார்பேரியன் விரும்பினால் புள்ளிகளை மாற்றிப்போட ஒரு வாய்ப்பு கொடுங்கள். இதுவரை உங்கள் பழைய முறையை நம்பித்தானே ஆடினார். பார்டின் ஆட்டக்காரரிடம் தனியாக, கேரக்டராகப் பேச ஆசையா, விவரித்துச் சொல்வதே வசதியா என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். என்றாவது அவராகவே ஒரு வரி வசனம் பேசினால் கைதட்டி நிறுத்தாதீர்கள். காவலாளியின் பதிலை உடனே சொல்லி, ஆட்டத்தை நகர்த்துங்கள்.