பழைய ஸ்லாட் கார் புது டிராக்கில் ஓடுமா?

அப்பாவின் 1970களின் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஸ்லாட் காரை, அதாவது டிராக்கின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் காரை, இப்போது வாங்கிய டிராக்கில் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம், ஆனால் முதலில் டிராக் அனலாக்கா டிஜிட்டலா என்று பாருங்கள். அனலாக்கில் கன்ட்ரோலரை அமுக்கும் அளவுக்குத்தான் கரண்ட் போகும். டிஜிட்டலில் டிராக்கின் உலோகப் பட்டையில் எப்போதும் மின்சாரம் நிற்கும், காருக்குள் இருக்கும் சிப்தான் வேகத்தை அளந்து கொடுக்கும், அதனால் சிப் இல்லாத பழைய காரை அதில் வைத்தால் மோட்டார் கருகிவிடலாம். செட்டில் அனலாக் மோடு இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு வையுங்கள்.

அப்புறம் காரின் அடியில் இருக்கும் பிரெய்டு, அதாவது டிராக்கின் பட்டையைத் தொட்டு கரண்டை எடுக்கும் செம்புப் பின்னல். குன்னூரில் எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த பெல்ட்டே பூஞ்சை பிடிக்கும், செம்புப் பின்னல் மட்டும் தப்புமா? என் கார் அசையவே இல்லை, திருப்பிப் பார்த்தால் பிரெய்டு பச்சை பூத்துக் கிடந்தது. புதுசு மாற்றி, நுனியை லேசாக விரித்துவிட்டதும் கிளம்பியது.

கைடு, அதாவது காரின் அடியிலிருந்து டிராக்கின் பள்ளத்துக்குள் இறங்கும் துண்டு, பள்ளத்தின் அடியில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இடித்தால் காரின் முன்பக்கம் தூக்கி நிற்கும், பிரெய்டு பட்டையைத் தொடாது. கைடின் அடியை உப்புத்தாளில் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும். டயர் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். அந்தக் காலக் கார்களில் டிராக்கோடு இழுத்துப் பிடிக்கும் காந்தம் கிடையாது, வளைவில் வால் வீசும்; எனக்கு அதுதான் பிடிக்கும்.