நடுரோட்டுல ஒருத்தரை அடிக்கும்போது சுத்தி நிக்கிறவங்க ஏன் தடுக்கறதில்ல?

மனிதாபிமானம் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி, எனக்கு அப்படித் தோணல. முதல் காரணம் பயம். ரெண்டாவது, முதல் ஆளா நாம ஏன் போகணும்ங்கற தயக்கம்.

2016 ஜூன் 24 காலைல நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு பொண்ணை வெட்டிட்டு ஒருத்தன் ஓடினான், பிளாட்ஃபாரத்துல ஆளுங்க இருந்தும் யாரும் பிடிக்கல, எல்லாரும் பொதுஜனத்தைப் போட்டுத் திட்டினோம். ஆனா அங்க சிசிடிவியே இல்ல, உடம்பு ரெண்டு மணி நேரம் அப்படியே கிடந்துச்சு, அது பயணிங்க தப்பா சொல்லுங்க? 2008 நவம்பர்ல சென்னை சட்டக் கல்லூரில மாணவர்களைக் கட்டையால அடிச்சப்போ போலீஸே நின்னு பார்த்ததை டிவில பார்த்தோமே.

சரி, கூட்டம்னாலே சும்மா நிக்குமான்னா அதுவும் இல்ல. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல அத்திமூர்ல, கோயிலுக்குக் கார்ல வந்த குடும்பம் பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி பிள்ளை பிடிக்கிற கும்பல்னு முடிவு பண்ணி ஊரே சேர்ந்து அடிச்சதுல 65 வயசு அம்மா ஒருத்தங்க செத்தே போனாங்க. எதிர்ல அரிவாள் இருந்தா பத்தடி தள்ளி நிக்கிற ஜனம், வெறுங்கையோட வெளியூர் ஆள் நின்னா மட்டும் வீரமாயிடும். எனக்கு வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைவிட இந்தக் கூட்டத்தைத்தான் பயம்.

மதுரை மாட்டுத்தாவணில ஒருதடவை பார்த்தேன், ஒரு ஆளு பொண்டாட்டிய முடியைப் பிடிச்சு அடிக்கிறான், ஒரு பையன் கிட்ட போனதும் "எம் பொண்டாட்டிய நான் அடிப்பேன், நீ யாருடா கேக்க"ன்னான், அவ்வளவுதான், குடும்ப விஷயம்னு எல்லாரும் பின்வாங்கிட்டாங்க. பூ கட்டிட்டிருந்த அக்கா மட்டும் உக்காந்த இடத்துலருந்தே "யோவ், கைய எடுய்யா! ஏ டீக்கடைத் தம்பி, அவனப் புடி!"ன்னு ஒரு சத்தம். டீக்கடைப் பையன் கிளாஸைப் போட்டுட்டு ஓடினான், பின்னாடியே அஞ்சாறு பேரு. பொதுவா "யாராவது வாங்க"ன்னு கத்தியிருந்தா ஒருத்தனும் அசைஞ்சிருக்க மாட்டான்னு நினைக்கிறேன், ஆளைக் காட்டிக் கூப்பிட்டதுதான் வேலை செஞ்சது.

ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் மூணு ஊர் சிசிடிவில பதிவான 219 தெருச் சண்டைகளை எடுத்து ஒரு ஆய்வு பண்ணினாங்க, 2019ல வந்துச்சு. பத்துல ஒன்பது சண்டைல குறைஞ்சது ஒருத்தராவது உள்ள புகுந்திருக்காங்க. நம்ம ஊர்லயும் தடுத்து முடிஞ்ச சண்டை நியூஸ்ல வராதில்லையா.

கத்தி இருந்தா நடுவுல போகாதீங்க, தள்ளி நின்னு 112க்கு அடிங்க, இடத்தைத் தெளிவா சொல்லுங்க. சாட்சின்னு அலைய விடுவாங்க, ரவுடிங்க வீடு தேடி வருவாங்கங்கற பயம் நியாயமானதுதான். விபத்துல உதவினவங்களுக்கு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல பாதுகாப்பு இருக்கு, அடிதடி, வெட்டுக்குத்துக்கு அது பொருந்தாது. அதுக்கு 2018ல சுப்ரீம் கோர்ட் ஓகே பண்ணின சாட்சி பாதுகாப்புத் திட்டம்தான் இருக்கு, மாவட்ட நீதிபதி தலைமைல இருக்கிற கமிட்டிக்கு மனு போட்டு வீட்டுப் பக்கம் ரோந்து, அடையாளத்தை மறைக்கிறதுன்னு கேக்கலாம்.