செஸ்னா 172: சிவப்புக் குமிழைச் சுற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வாடகைக்கு எடுக்கும் 172எஸ் (செஸ்னா 172 சிறு விமானத்தில் ஒரு வகை), காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. வழியில் இறங்கிப் பெட்ரோல் போட்டு, அரை மணி கழித்து வந்தால் அடம் பிடிக்கிறது. பேட்டரி கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இதில் உள்ள லைக்கமிங் ஐஓ-360 ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடுவதால், சிலிண்டர்களுக்கு மேலே ஓடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. அப்போது காலையில் செய்ததுபோலவே பம்ப்பைப் போட்டு ப்ரைம் செய்தால் (கிளம்புமுன் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டினால்) எஞ்சின் எளிதில் ஃபிளட் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் மிஞ்சிப் பற்றாமல் போகும்.

சூடான எஞ்சினுக்கு ப்ரைமிங் வேண்டாம். சிவப்பு மிக்சர் குமிழை (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை மாற்றுவது; வெளியே இழுத்தால் குறையும்) முழுக்க வெளியே இழுத்து வையுங்கள், த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) அரை அங்குலம் உள்ளே தள்ளுங்கள், ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எஞ்சின் பற்றியதும் மிக்சரைச் சீராக உள்ளே தள்ளுங்கள். இந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஏற்கெனவே ஃபிளட் ஆகிவிட்டதென்றால் மிக்சர் வெளியே, த்ராட்டில் முழுக்க உள்ளே. பற்றியவுடன் த்ராட்டிலைச் சட்டென்று குறைத்து மிக்சரைக் கொடுக்க வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருக்கும், பிரேக்கில் கால் இறுகியிருக்கட்டும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். 20 விநாடி ஆறவிடுங்கள். மூன்று தடவையில் கிளம்பாவிட்டால் 10 நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை எரித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

நிறுத்தும்போதே மூக்கைக் காற்றை நோக்கி வைத்து, எஞ்சின் ஆயில் பார்க்கும் சிறு கதவைத் திறந்துவிட்டால் சூடு சீக்கிரம் வெளியேறும். கிளம்புமுன் அதை மறக்காமல் மூடுங்கள்.

கேள்வி: நீண்ட டாக்ஸிக்குப் (தரை ஓட்டத்துக்குப்) பிறகு மேக்னெட்டோ சோதனையில் (பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது) ஒரு பக்கம் 200 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) விழுகிறது, எஞ்சினும் உதறுகிறது. திரும்பிப் போய்விட வேண்டியதுதானா?

பதில்: உடனே வேண்டாம். 1800 ஆர்பிஎம்மில் 150 வரை விழலாம், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. மிக்சர் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருக்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிளக் போதிய சூடேறாது. ஈயம் வெளியேறாமல் கீழ்ப்பக்க பிளக்குகளில் சாம்பல்நிறக் குருணைகளாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மேக்னெட்டோவிலும் 2000 ஆர்பிஎம் வைத்து, எஞ்சின் லேசாகத் தடுமாறும்வரை லீன் செய்து (பெட்ரோலைக் குறைத்து), அங்கிருந்து ஒரு துளி ரிச்சாக்கி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சூடு பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி சோதியுங்கள். இரண்டு முயற்சியிலும் சரியாகாவிட்டால் ஹாங்கருக்குத் திரும்புங்கள். அதில் பேரமே கிடையாது.

வராமல் தடுக்க, தரையில் எப்போதும் நன்றாக லீன் செய்து ஓட்டுங்கள். த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் திணறும் அளவுக்கு. பாதி லீன்தான் ஆபத்து: அப்படியே டேக்-ஆஃபுக்குக் கிளம்பிவிட முடியும்.

ஒரு பக்கத்துக்கு மாற்றியும் ஆர்பிஎம் துளியும் விழவில்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். அணைந்திருக்க வேண்டிய மறுபக்க மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி அறுந்திருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். யாரையும் அருகே விடாதீர்கள்.

கேள்வி: இறங்கியதும் முன்சக்கரம் கடகடவென்று உதறுகிறது.

பதில்: அந்த நொடியில் யோக்கைப் (விமானத்தின் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) பின்னால் இழுத்து முன்சக்கரத்தின் பாரத்தைக் குறையுங்கள். அடுத்து டயர் காற்று, சக்கர பேலன்ஸ், டார்க் லிங்க் (முன்சக்கரக் காலின் இணைப்புக் கை) புஷ்களின் தேய்மானம், கடைசியாக ஷிம்மி டேம்பரில் (உதறலை அடக்கும் கருவியில்) ஆயில் கசிவு, இந்த வரிசையில் பாருங்கள். எடுத்தவுடன் டேம்பரை மாற்றுவது வீண் செலவு; மற்றவை தேய்ந்திருந்தால் புதிதும் சீக்கிரம் கெடும்.

கேள்வி: இரண்டு நண்பர்களை அழைத்துப் போகிறேன். செலவு முழுவதையும் அவர்களே தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அமெரிக்க பிரைவேட் பைலட் வாங்கக் கூடாது. மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்காவது உங்கள் கையிலிருந்து போக வேண்டும். பெட்ரோல், ஆயில், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை மட்டுமே கணக்கில் வரும்.

கேள்வி: கொலராடோவின் லெட்வில்லில் கோடை மதியம் இறங்கிக் கிளம்ப ஆசை. 172எஸ் தாங்குமா?

பதில்: நிலையத்தின் உயரமே 9,934 அடி. அங்கே 20 டிகிரி வெயில் என்றால், அந்த உயரத்துக்குரிய வெப்பநிலையைவிட ஏறக்குறைய 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி கூட்டினால் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்திப்படி விமானம் உணரும் உயரம்) 12,900 அடியைத் தொடும். முழு எடையில் 172எஸ்ஸின் சர்வீஸ் சீலிங் 14,000 அடி. அந்த உயரத்தில் நிமிடத்துக்கு 100 அடிதான் ஏறும். கணக்கு உங்களுக்கே புரியும். மதியத்தை விட்டு விடிகாலையில் போங்கள். இரண்டு பேர் மட்டும், டாங்கில் தேவையான பெட்ரோலும் ரிசர்வும். ஓடுபாதையில் முழு த்ராட்டிலில் நின்று, ஆர்பிஎம் உச்சம் வரும்வரை சிவப்புக் குமிழை வெளியே இழுத்து லீன் செய்த பிறகே பிரேக்கை விடுங்கள். கடல்மட்டப் பழக்கத்தில் முழு ரிச்சாகக் கிளம்பினால், இருக்கும் கொஞ்ச சக்தியும் போய்விடும்.