பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு முறை வைத்துப் பாருங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வெளிச்சந்தையில் வாங்கும் முன்பக்க ஏர் டேம் பற்றிக் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பம்பருக்குக் கீழே தரையை நோக்கி இறங்கும் அந்தத் தட்டு, காரின் அடியில் புகும் காற்றைக் குறைத்து, வேகத்தில் முன்பக்கம் மேலெழுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதை வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

கேள்வி: என்னுடையது 1972-ஆம் ஆண்டு டாட்சன் 240இசட். "1970 முதல் 1978 வரையிலான எல்லா இசட் கார்களுக்கும் பொருந்தும்" என்ற விளம்பரத்தை நம்பி ஃபைபர்கிளாஸ் ஏர் டேம் வாங்கினேன். நடுவிலுள்ள போல்ட்டுகளை முடுக்கினால், இரு முனைகளும் ஃபெண்டரை (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டை) விட்டு இரண்டு சென்டிமீட்டர் விலகி நிற்கின்றன. "சிறு திருத்தம் தேவைப்படலாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறோமே" என்கிறார் விற்றவர்.

பதில்: அந்தச் "சிறு திருத்தம்" என்ற சொற்றொடரோடு எனக்குப் பல ஆண்டுப் பகை உண்டு, ஆகவே சற்று நீளமாகவே சொல்கிறேன். 240இசட் காரின் பம்பர் மெல்லியது. அமெரிக்கச் சந்தைக்கான இசட் கார்களில், மோதல் விதிகளை நிறைவேற்றுவதற்காக 1974-ஆம் ஆண்டிலிருந்து கனமான பெரிய பம்பர்கள் வந்தன. 1975 முதல் 1978 வரை விற்ற 280இசட் கார்களும் அப்படிப்பட்டவையே. இவ்வளவு மாறிய முகப்புகளுக்கெல்லாம் ஒரே அச்சில் வார்த்த தட்டு பொருந்தும் என்று சொல்பவர், ஒன்று அந்தக் கார்களைப் பார்த்திராதவர், அல்லது உங்களை ஏமாளி என்று நினைப்பவர்.

திருத்தமே தேவைப்படாது என்று நான் வாதிடவில்லை. அரை நூற்றாண்டு ஓடிய காரில் எங்கேனும் ஒரு பக்கம் இடிபட்டு டிங்கரிங் செய்திருப்பார்கள். இடமும் வலமும் துல்லியமாக ஒன்றுபோல் இருக்காது. அதற்காகத் துளையைச் சில மில்லிமீட்டர் அராவி நீளமாக்குவதும், விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பதும் நியாயமான சிறு திருத்தங்கள். ஆனால் பிசின் முழுதாக இறுகுமுன் அச்சிலிருந்து கழற்றியதால் முறுக்கிக்கொண்ட தட்டையும், பிறர் தயாரித்த பொருளின் மேல் அச்செடுத்து அளவு பிசகிய தட்டையும் அதே சொல்லால் மூடி விற்பது மோசடி. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடினால், அந்த இழுவிசை முழுவதும் துளைகளைச் சுற்றித் தங்கி, சாலை அதிர்வில் அங்கிருந்தே விரிசல் புறப்படும்.

தவறு உங்களுடையதல்ல. துளையிடாதீர்கள், தேய்க்காதீர்கள். அளவுநாடாவை வைத்து இரு பக்கமும் படம் எடுத்து, விளம்பரத்தின் நகலோடு எழுத்து மூலமாக அனுப்பி, முழுப் பணத்தையும் கேளுங்கள். "கொஞ்சம் தள்ளுபடி தருகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒப்புக்கொண்டேன். அந்தத் தட்டைப் பொருத்துவதற்குப் பட்டறையில் கொடுத்த கூலி அதன் விலையைத் தாண்டியது. இடது முனை இன்றும் கோணலாகத்தான் நிற்கிறது.

கேள்வி: ஏர் டேம் வந்தவுடன் காரின் நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டேன். பிறகுதான் துளைகள் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: நானாக இருந்தாலும் மறுப்பேன்.

கேள்வி: ஃபைபர்கிளாஸ் நல்லதா, பாலியூரித்தேன் நல்லதா?

பதில்: காரை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபைபர்கிளாஸ் விறைப்பானது, எடை குறைந்தது, உடைந்தால் பின்புறம் கண்ணாடி இழைப் பாயும் பிசினும் வைத்து ஒட்டலாம். ஆனால் நடைபாதை விளிம்பில் ஒரு முறை உரசினாலே மேற்பூச்சு நட்சத்திரம் போல் வெடிக்கும். பாலியூரித்தேன் வளைந்து கொடுத்து மீளும். ஆனால் எடை கூடுதல், தாங்கு பட்டை இல்லாமல் தொங்கவிட்டால் வெயிலில் தொய்யும், பெட்டிக்குள் மடிந்து கிடந்தால் அந்த மடிப்போடு வரும். வளையும் பொருளுக்கு வளையும் பெயிண்ட் வேண்டும் என்பதைப் பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் உரசலிலேயே பெயிண்ட் ஏடு ஏடாக உரியும். இரண்டில் எதுவானாலும், வார்ப்பச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகைக் கழுவி நீக்காமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அன்றாடம் ஓட்டும் காருக்கு என்றால் நான் பாலியூரித்தேனையே வாங்குவேன்.

கேள்வி: 1989-ஆம் ஆண்டு கார்வெட் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தின் அடியில் அசிங்கமாகத் தொங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அழகான ஏர் டேம் தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடாகிறது. ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், எறிந்ததைத் தேடுங்கள். 1984 முதல் 1996 வரை வந்த அந்தத் தலைமுறைக் கார்வெட்டில், ரேடியேட்டருக்கான காற்று முகப்பின் அடியிலிருந்துதான் நுழைகிறது. நீங்கள் அசிங்கம் என்று கழற்றிய தட்டுதான் அந்தக் காற்றைத் தடுத்து மேலே திருப்பிவிட்டது. நகரத்தின் மெதுவான ஓட்டத்தில் மின்விசிறி சமாளித்துக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தத் தட்டு இல்லாமல் காற்று ரேடியேட்டரைத் தொடாமலே காருக்கு அடியில் ஓடிவிடும். ஒரு பாகம் எதற்காக இருக்கிறது என்று ஒருவரையும் கேட்காமல் கழற்றி எறிந்துவிட்டு, அடுத்த பாகத்தை வாங்கப் பணத்தோடு நிற்பவர்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரிவதில்லை. அழகான தட்டை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அது பழைய தட்டு நின்ற அதே இடத்தில், அதே அளவு கீழிறங்கி நிற்குமா என்பதை விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்தது. கொண்டுவந்தவர் அவசரப்படுத்தியதால் கையெழுத்துப் போட்டேன். உள்ளே தட்டு பிளந்திருக்கிறது. விற்றவர் கூரியரைக் கைகாட்டுகிறார், கூரியர் விற்றவரைக் கைகாட்டுகிறது.

பதில்: வருந்துகிறேன். நீளமான, மெல்லிய, உள்ளீடற்ற பொருளை ஒற்றை அட்டைப்பெட்டியில் திணித்து அனுப்பியது உங்கள் குற்றமல்ல. உங்களிடம் பணம் வாங்கியவர் விற்றவர். கூரியரை அமர்த்தியவரும் அவரே. எனவே அவரையே விடாமல் பிடியுங்கள். பெட்டியின் ஆறு பக்கங்களையும், முகவரிச் சீட்டையும், உள்ளே அடைத்திருந்த பொருளையும் படமெடுத்து இன்றே அனுப்புங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். கார்டில் பணம் செலுத்தியிருந்தால், காலக்கெடு முடியுமுன் வங்கியிலும் முறையிடுங்கள். அடுத்த முறை, "பெட்டி சேதம், உள்ளே பார்க்கவில்லை" என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஏர் டேம் பொருத்தினால் எரிபொருள் மிச்சமாகும் என்று விளம்பரம் சொல்கிறது. மிச்சத்திலேயே விலையை எடுத்துவிடலாமா?

பதில்: முடியாது. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளது 120-இல் நான்கு மடங்காகும். உங்கள் கடிதப்படி நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெதுவாக ஓட்டுகிறவர்.

கேள்வி: பழைய கார்பன் ஃபைபர் ஏர் டேம் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: பின்புறத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். முன்னால் கார்பன் நெசவும் பின்னால் வெளிறிய கண்ணாடி இழையும் தெரிந்தால், அது ஃபைபர்கிளாஸ் தட்டின் மேல் ஒட்டிய அலங்கார ஏடு. படத்தை மட்டும் பார்த்து நான் வாங்கியதில் அந்த ஏடுகூட இல்லை. நெசவு அச்சடித்த ஸ்டிக்கர்தான் இருந்தது, அதுவும் முதல் மழையில் மூலையில் எழும்பியது. பின்புறத்தில் பட்டி பூசிய தடம் இருந்தால் உடைந்து ஒட்டியது என்று பொருள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: பொருத்துவதற்காகக் காரின் பழைய கீழ்த்தகட்டை வெட்டச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: வெட்ட விடாதீர்கள். கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். புதிதாகத் துளையிட்டே ஆக வேண்டுமென்றால், வெட்டுவாயில் துருத்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகே போல்ட்டைப் போடச் சொல்லுங்கள்.