தம்பியின் பங்கும் மன இளைப்பாறுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தம்பிக்குரிய வயலைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டதையும், அதன்பின் ஆண்டுதோறும் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டைகள் கொடுத்தும் உபவாசமிருந்தும் மனம் இளைப்பாறவில்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். காணிக்கையைக் கடனடைப்பாக எண்ணுவோர் நம் நெல்லைச் சீமையில் தாங்கள் ஒருவர் மட்டுமல்லர்.

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில், வரி வசூலிப்போரின் தலைவனான சகேயுவுக்கு நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். அவன் ஒரு காசும் திருப்பித் தருவதற்கு முன்பே, அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்லிவிடுகிறார். அந்த ஏற்பு கிடைத்த பின்னரே, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகச் செலுத்துவதாக அவன் கூறுகிறான். ஆகவே மன்னிப்பைத் தாங்கள் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆயினும், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்வதால், இவ்வாண்டு அரிசிக்கு முன் பத்திரம் எழுதப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

மும்பையிலிருக்கும் தம்பியிடம் நேரில் சென்று சொல்லுங்கள். அவர் முகங்கொடுத்துப் பேச மறுத்தாலும், அவருடைய பங்கைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெயருக்குப் பதிவுசெய்து கொடுங்கள். அவர் கோபம் ஆறச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரையிலும், ஆராதனையில் பாவ அறிக்கைக்குப் பின் குருவானவர் கூறும் பாவவிமோசனம், அதாவது பாவமன்னிப்பின் அறிவிப்பு, தங்களுக்கும் உரியதே.