கேள்வி-பதில்: பெரிய வண்டிக்கு எவ்வளவு அகல டயர்?

கேள்வி: ஃபார்ச்சூனரில் 265/65 ஆர்17 டயர் தேய்ந்துவிட்டது. 285/65 போட்டால் கம்பீரமாக இருக்கும், கத்தாரில் எல்லாரும் அதுதான் என்கிறார் மச்சான். போடலாமா? – கீழக்கரை வாசகர்

பதில்: மச்சான் ஓட்டுவது கத்தாரில், நீங்கள் ஓட்டுவது ராம்நாடு ரோட்டில். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவீதம்தான் பக்கச் சுவரின் உயரம். அகலத்தைக் கூட்டினால் உயரமும் கூடவே ஏறும். இப்போதைய டயரின் மொத்த உயரம் சுமார் 776 மி.மீ., 285/65க்கு 802. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103ஐத் தாண்டியிருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறையில் (லைனர்) உரசலாம். எல்லாவற்றுக்கும் மேல் ரிம்மின் அகலம்: உங்களுடையது 7.5 அங்குலம், 285க்குக் குறைந்தது 8 வேண்டும். ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் அகல டயர் சீக்கிரம் பிடியை விட்டு மிதக்கும். ஆசை விடவில்லையா? 8 அங்குல ரிம்மோடு 285/60 போடுங்கள், உயரம் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். இன்ஷூரன்ஸுக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். நானாக இருந்தால் 265தான்.

கேள்வி: கடற்கரை மணலில் வண்டி புதைகிறது. அகல டயர் வாங்கினால் சரியாகுமா? – தொண்டி

பதில்: காற்றைக் குறையுங்கள், காசு மிச்சம். 32 பவுண்டு இருப்பதை 18க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணலைப் பிடிக்கும். ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு ஈசிஆரில் பறந்தால் டயர் சூடேறி வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் ரிம்மையும் நட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: 2025 ஜனவரியில் புது டயர் நான்கு வாங்கினேன். எட்டே மாதத்தில் பக்கச் சுவரில் வெடிப்பு. உள்பக்கம் 1421 என்று இருக்கிறது. – ஏர்வாடி

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் ஐயா. 1421 என்றால் 2021ஆம் வருஷம் 14ஆவது வாரம். மூன்றே முக்கால் வருஷம் கிடந்த சரக்கைப் புதுசு விலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். இந்தத் தேதி விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. பல டயர்களில் அது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டிவிட்டால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் மாட்டி அனுப்பினார்கள். பஞ்சர் ஒட்டக் கழற்றியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நாம் பல ஆயிரம் ரூபாய் டயரில் பார்ப்பதில்லை. டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கின் எண்ணையும் படம் எடுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது: முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கியதால் இரண்டாயிரம் குறைந்தது. இப்போது ஒரு டயர் புடைத்திருக்கிறது, கடைக்காரர் கையை விரிக்கிறார். – சாயல்குடி

பதில்: விரிக்காமல் என்ன செய்வார்? பணத்தைப் போன் வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள். பில் இல்லாத டயருக்குப் பல கம்பெனிகள் வாரண்டியைத் தயாரித்த தேதியிலிருந்தே கணக்கிடும். அதையும் கேட்டுப் பாருங்கள். குழியில் விட்டதால் வந்த புடைப்பு என்றால் அதுவும் கிடைக்காது.

கேள்வி: ஸ்கார்ப்பியோவுக்கு 235க்குப் பதில் 215 போட்டால் விலை குறைகிறது. – பாம்பன்

பதில்: ஏழு பேரும் மீன் பெட்டியும் ஏறும் வண்டிதானே? அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எடை எண்ணைப் பாருங்கள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 98 என்றால் 750தான். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் மட்டும் பெரிய டயர் போடலாமா? – மண்டபம்

பதில்: முன்னும் பின்னும் டயர் உயரம் வேறானால் கியர் பெட்டி கெட்டுவிடும். அதையும் மாற்றப் பணம் இருந்தால் போடலாம்.